ரத்தம் எத்தனை பாயிண்ட்?

"ரத்தம் எத்தனை பாயிண்ட் இருக்காம்?" என்று கேட்காத வீடு நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இருக்காது. மகள் உண்டாகியிருந்தால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். பதினொன்று என்றால் நிம்மதி. எட்டு என்றால் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் வீட்டுக்கு வந்துவிடும். அந்த எண்ணைச் சொன்ன கருவி எது, அது சரியாகச் சொல்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வகத்தில் அந்தக் கருவிகளோடு உட்கார்ந்தவன் என்பதால் அவற்றின் கதையை எழுதலாம் என்று தோன்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-இல்தான் தனி மாவட்டம் ஆனோம். அன்று எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருந்தது சாலி மீட்டர். ஹெர்மன் சாலி என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1902 வாக்கில் கொண்டுவந்த முறை அது. அவருக்கு முன்பே, 1878-இல், லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்பவர் ரத்தத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். சாலி அதைத் திருத்தினார்.

செய்முறை எளிது. அளவுக்குழாயில் குறிப்பிட்ட கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். விரலில் குத்தி, 0.02 மில்லி ரத்தத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி அதில் விட வேண்டும். ரத்தம் பழுப்பு நிறமாக மாறும். பத்து நிமிடம் பொறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே, பெட்டியில் உள்ள பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகிற இடத்தில் நிறுத்திக் கோட்டைப் படிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் போதும். கரண்ட் வேண்டாம். நம் ஊருக்கு ஏற்ற கருவிதான்.

சாயப்பட்டறையைப் பார்த்து வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். ஒரே நூலைக் காலை வெயிலில் ஒருவர் பார்த்து "இது அரக்கு" என்பார். சாயங்காலம் இன்னொருவர் "இல்லை, காப்பிக்கொட்டை" என்பார். சாலி மீட்டரிலும் அதே கதைதான். ஒரே ரத்தத்தை இரண்டு பேர் பார்த்தால் ஒரு கிராம் வித்தியாசம் வருவது சாதாரணம்.

கண் மட்டும் காரணமில்லை. பத்து நிமிடம் பொறுக்காமல் அவசரப்பட்டால் நிறம் முழுதாக வந்திருக்காது, அளவு குறைவாகக் காட்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் சதையில் உள்ள நீரும் சேர்ந்து வரும். அப்போதும் குறையும். ஒப்பிடும் கண்ணாடி நாள்பட்டு வெளுத்துப் போனால் கதை தலைகீழ். வெளுத்த நிறத்துக்கு இணையாக வரும்வரை நாம் கூடுதல் தண்ணீர் விடுவோம். அளவு அதிகமாகக் காட்டும்.

குறைவாகக் காட்டினால் கூடுதலாக நாலு இரும்பு மாத்திரையோடு போய்விடும். அதிகமாகக் காட்டுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். உள்ளபடி ஆறரை இருக்கும் பெண்ணுக்கு ஏழரை என்று காட்டினால், அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற ரத்தத்தைக்கூட அவள் உடம்பு தாங்காது.

நரிக்குடி பக்கத்திலிருந்து ஒருமுறை அப்படி ஒரு பெண் வந்தாள். எட்டாவது மாதம். சீட்டில் எட்டு என்று இருந்தது. இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. கூட வந்த மாமியார், "எட்டு இருக்குன்னு எழுதித்தானய்யா குடுத்தாக, இவளுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றார். நான் கலரிமீட்டரில் பார்த்தேன். ஆறேகால். டாக்டர் அன்றே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பினார்கள்.

அந்த வாரமே டாக்டரிடம் அனுமதி வாங்கி, சுற்று வட்டார நர்சுகளிடம் இருந்த சாலி பெட்டிகளை வரவழைத்தோம். ஒரே ரத்தத்தை எல்லாப் பெட்டியிலும் பார்த்து, கலரிமீட்டர் அளவோடு ஒரு நோட்டில் எழுதினேன். இரண்டு பெட்டிகள் ஒரு கிராமுக்கு மேல் கூட்டிக் காட்டின. இரண்டிலும் கண்ணாடி வெளுத்திருந்தது. அவற்றைக் கழித்துவிட்டோம்.

கலரிமீட்டர் என்பது கண்ணுக்குப் பதில் ஒளியால் நிறத்தை அளக்கும் கருவி. டிராப்கின் கரைசலில் ரத்தத்தைக் கலந்து 540 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பது. 1960-களில் உலக அளவில் இதையே தர அளவாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இதற்குக் கரண்ட் வேண்டும். நம் ஊர் வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் இல்லாமல் முள் ஆடிக்கொண்டே இருக்கும். கரைசலை வெளிச்சம் படாத பாட்டிலில் வைக்க வேண்டும். நல்ல கருவியும் நாள்தோறும் சோதிக்காவிட்டால் பொய் சொல்லும்.

இதை உலகம் உணர்ந்ததே தாமதமாகத்தான். 1947-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மேன் என்ற இருவர் பல ஆஸ்பத்திரி ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பிச் சோதித்தார்கள். சரியான முடிவுகளைவிடத் தவறானவையே அதிகம் வந்தன. 1950-இல் லெவி, ஜென்னிங்ஸ் இருவரும், தொழிற்சாலையில் ஷூஹார்ட் 1924-இல் போட்ட கட்டுப்பாட்டு வரைபடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அளவு தெரிந்த ஒரு மாதிரியைத் தினமும் காலையில் ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி கோட்டைத் தாண்டினால் அன்று நோயாளியின் ரத்தத்தைத் தொடக்கூடாது. நம் நாட்டில் வேலூர் சி.எம்.சி. மாதந்தோறும் மற்ற ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுச் சொல்கிறது.

புதுக் கருவி வாங்கும்போது விற்க வருகிறவர், "பழைய மெஷினோடு 99 சதவீதம் ஒத்துப்போகிறது சார்" என்பார். அதை நம்பக்கூடாது. எல்லா ரத்தத்துக்கும் ஒரு கிராம் கூட்டியே காட்டும் கருவிகூட அந்தக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். 1986-இல் பிளாண்ட், ஆல்ட்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். இரண்டு கருவிகளின் அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதிப் பார்க்க வேண்டும். நாங்கள் நோட்டில் போட்டதும் அதே கணக்குதான்.

2018-இல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் கிராம நர்சுகள் கைக்கே டிஜிட்டல் மீட்டர் வந்துவிட்டது. பெரிய முன்னேற்றம். ஆனாலும் விரலைப் பிழிந்தால் டிஜிட்டலும் ஏமாறும். 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, விரல் ரத்தத்தில் பார்த்து, சிறு குழந்தைகளில் 58 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்றது. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, நரம்பில் ரத்தம் எடுத்துப் பெரிய மெஷினில் பார்த்து, சுமார் 41 சதவீதம் என்றது. வயது வரம்பில் சிறு வித்தியாசம் உண்டு. ஆனால் ரத்தம் எடுத்த விதமும் முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

வீட்டில் பெரியவர்களாக இருக்கும் நமக்கு இதில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பேத்திக்கு ரத்தம் பார்ப்பதானால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். போன மாதம் 9.4, இந்த மாதம் 9.1 என்றால் பதறாதீர்கள், அது கருவியின் ஆட்டமாகவே இருக்கலாம். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், முகம் வெளுத்திருந்தால், எண்ணை நம்பி உட்காராமல் இன்னொரு முறை நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.