வசையும் பழம்பெருமையும்: அமெரிக்க பேஸ்பால் விவாதங்களில் நாகரிகம் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

அமெரிக்காவில் பேஸ்பால் பேச்சு பெரும்பாலும் பழைய காலத்தைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. இன்றைய ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்று தொடங்கும் உரையாடல், 1927-இல் பேப் ரூத் அடித்த 60-க்கு அது ஈடாகுமா என்ற சண்டையில் போய் நிற்கும். தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதி வைத்திருக்கும் ஆட்டம் அது. இத்தனை எண்கள் கையில் இருந்தும் விவாதம் ஏன் வசையில் முடிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நியாய மரபு விவாதத்தை மூன்றாகப் பிரிக்கும். உண்மையைத் தேடுவது வாதம். எப்படியாவது வென்றுவிட வேண்டும் என்பது ஜல்பம். தன் தரப்பு என்று ஒன்றையும் நிறுவாமல் எதிர்த் தரப்பைத் தகர்ப்பதையே குறியாகக் கொள்வது விதண்டை. பேஸ்பால் வரலாற்றைப் பார்க்கையில் இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது ஒன்று தென்படுகிறது. ‘நீ சொல்வது தவறு’ என்பதை விட்டுவிட்டு, ‘இதைச் சொல்ல நீ யார்’ என்று எதிரில் இருப்பவரின் நிறத்தையும் பிறப்பையும் காட்டி அவரை வெளியே தள்ளும் பேச்சு அது. இதை விலக்குவசை என்று குறிக்கிறேன். ஜல்பத்தோடும் விதண்டையோடும் ஒரு விவாதம் தட்டுத்தடுமாறியாவது நடக்கும். விலக்குவசை புகுந்த இடத்தில் விவாதமே நடப்பதில்லை.

2. வசை ஆட்டத்தின் அங்கமாக இருந்த காலம்

2.1 பெஞ்ச் ஜாக்கியிங்

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஸ்லெட்ஜிங் தெரியும். பேஸ்பாலில் அதற்கு இணையான வழக்கம் பெஞ்ச் ஜாக்கியிங். களத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களும் மேனேஜரும் எதிரணியினரைக் கூவிக் கூவிச் சீண்டுவார்கள். பந்தடிப்பவரின் கவனத்தைக் கலைப்பதே நோக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது ஒரு திறமையாகவே மதிக்கப்பட்டது. யூதரான ஹாங்க் கிரீன்பர்க், இத்தாலிய வம்சாவளியினரான ஜோ டிமாஜியோ போன்றவர்கள் தங்கள் பிறப்பைச் சொல்லி இழிக்கப்பட்டார்கள். அக்காலத்தை நினைத்து ஏங்குபவர்கள், அன்று யாரும் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்பார்கள். வசையைக் கேட்டவர்களின் சாட்சியம் அப்படி இல்லை.

2.2 1947 ஏப்ரல் 22

ஏப்ரல் 15 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் முறை இறங்கினார். நவீன மேஜர் லீக் ஆட்டத்தின் நிறத்தடை அன்று உடைந்தது. ஒரு வாரத்தில் பிலடெல்பியா பிலீஸ் அணி அங்கே ஆட வந்தது. அதன் மேனேஜர் பென் சாப்மேன். ராபின்சன் பந்தடிக்க வந்தபோதெல்லாம் சாப்மேனும் அவர் ஆட்களும் நிறத்தைச் சொல்லி இழித்தார்கள். அந்தச் சொற்களை இங்கே எழுதப் போவதில்லை. தன் மனம் உடைந்துபோகும் நிலைக்கு மிக நெருங்கி வந்த நாள் அதுதான் என்று ராபின்சன் 1972-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். அன்றைய ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 1-0 என்று வென்றது. அந்த ஒரே ரன் ராபின்சன் எடுத்தது.

அந்தத் தொடரிலேயே சக ஆட்டக்காரர் எடி ஸ்டாங்கி பிலீஸ் பெஞ்சை நோக்கித் திருப்பிக் கத்தினார். பதில் சொல்லக்கூடியவனைத் திட்டிப் பாருங்கள் என்பது அவர் விட்ட சவாலின் சாரம். சாப்மேனின் செயல் டாட்ஜர்ஸ் அணியை ராபின்சன் பின்னால் ஒன்றுசேர்த்தது என்று அணி நிர்வாகத் தலைவர் பிராஞ்ச் ரிக்கி பின்னர் சொல்லி வந்தார்.

சாப்மேன் தன்னைக் காத்துக்கொள்ள முன்வைத்த வாதம் கவனிக்கத் தக்கது. கிரீன்பர்க்கையும் டிமாஜியோவையும் திட்டியது போலத்தான் இவரையும் திட்டினோம், எல்லோரையும் ஒன்றுபோல நடத்தினோம் என்பது அவர் தரப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் டிமாஜியோ ஆடக் கூடாது என்று யாரும் கதவை அடைத்திருக்கவில்லை. கிரீன்பர்க் எத்தனை இழிசொல்லைக் கேட்டாலும் மறுநாள் களத்தில் இறங்க அவருக்கு இடம் இருந்தது. ராபின்சனின் இனத்தாருக்கு அறுபது ஆண்டுக்கு மேலாக அந்த இடமே இல்லை. உள்ளே இருப்பவனைச் சீண்டுவதும், வாசலில் நிற்பவனை உள்ளே வராதே என்பதும் ஒன்றாகா.

2.3 பொறுமையை யாரிடம் கேட்டார்கள்

1945 ஆகஸ்டில் ராபின்சனை அழைத்துப் பேசிய ரிக்கி, எந்த வசைக்கும் பதில் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அந்தச் சந்திப்பிலேயே தானே வசைபாடுபவராக நடித்துச் சோதித்தார். ராபின்சன் ஒப்புக்கொண்டார், சொன்ன சொல்லைக் காத்தார். 1947 மே மாதம் பிலடெல்பியாவில், சாப்மேனுடன் சேர்ந்து ஒரே மட்டையைப் பிடித்தபடி படத்துக்கு நிற்கவும் செய்தார். கை குலுக்கவில்லை. மட்டையின் இரு முனைகளிலும் இருவர். சமரசம் என்று அச்சான அந்தப் படத்தில் விட்டுக்கொடுத்தவர் ஒருவர்தான்.

கட்டுப்பாடு தளர்ந்த 1949-இல் ராபின்சன் நடுவரோடும் எதிரணியோடும் வாதிடத் தொடங்கினார். அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .342. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஆனால் முன்பு அவருடைய பொறுமையைப் புகழ்ந்த பத்திரிகையாளர்களில் சிலர் இப்போது அவரைச் சண்டைக்காரர் என்று எழுதினார்கள். என் முடிவு இங்கே தெளிவானது. வசையை வாங்கியவரிடம் மட்டும் பொறுமை கேட்பதை நாகரிகம் என்று அழைக்கக் கூடாது. பிலடெல்பியா நகர மன்றம் ராபின்சனுக்கு நேர்ந்ததற்காக மன்னிப்புத் தீர்மானம் போட்டது 2016-இல். அவர் இறந்தது 1972-இல்.

3. சாதனையைச் சுற்றிய ஏக்கம்

3.1 மாரிஸ்

நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரோஜர் மாரிஸ் 1961 அக்டோபர் 1 அன்று தன் 61-ஆவது ஹோம் ரன்னை அடித்து ரூத்தைத் தாண்டினார். அதைக் காண வந்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர்தான், மைதானம் பாதிகூட நிறையவில்லை. ரூத்தின் காலத்தில் பருவத்துக்கு 154 ஆட்டங்கள். 1961-இல் அது 162 ஆகியிருந்தது. 154 ஆட்டத்துக்குள் தாண்டாவிட்டால் சாதனையைத் தனியே குறிக்க வேண்டும் என்று கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக் ஜூலையிலேயே அறிவித்திருந்தார். ஆட்ட எண்ணிக்கை மாறியது உண்மை, எனவே கேள்வி நியாயமானது. ஆனால் ஃபிரிக் முன்பு ரூத்தின் பெயரில் பத்திரிகைக் கட்டுரை எழுதிக் கொடுத்தவர். ஏக்கம் தீர்ப்பாளர் நாற்காலியில் அமர்ந்திருந்தது. அந்தக் கோடையில் மாரிஸின் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சாதனையைத் தனியே குறித்த அந்த வேறுபாடு 1991-இல் நீக்கப்பட்டபோது அவர் இறந்து ஏறத்தாழ ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

3.2 ஆரன்

ரூத்தின் வாழ்நாள் கணக்கு 714. அட்லாண்டா அணியின் ஹாங்க் ஆரன் 1973 பருவத்தை 713-இல் முடித்தார். அந்த ஆண்டு அவருக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 9,30,000. கறுப்பினத்தவர் ஒருவர் ரூத்தைத் தாண்டுவதா என்று வசைபாடியவையும் கொலை மிரட்டல்களும் அவற்றில் ஏராளம். அவருக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டார். 1974 ஏப்ரல் 8 அன்று 715-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அந்த வெறுப்புக் கடிதங்களைப் பின்னாளிலும் அவர் தூக்கி எறியவில்லை.

இங்கும் நடுவே ஒரு நல்ல கேள்வி இருந்தது. ஆரன் ரூத்தைவிடச் சுமார் 3,000 முறை கூடுதலாகப் பந்தடிக்க நின்றவர். இதைச் சொல்பவரை இனவெறியர் என்று தள்ள முடியாது. அதற்கு மறுமொழியும் உண்டு. ரூத் தன் லீக் ஆட்டங்களில் கறுப்பினப் பிட்சர் ஒருவரையும் எதிர்கொள்ளவில்லை, அவர்களுக்கு அனுமதி இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து மணிக்கணக்கில் பேசலாம், பேச வேண்டும். அப்படிப்பட்ட பேச்சைத்தான் அந்தக் கடிதங்கள் மூடிமறைத்தன. ஆரன் தனக்கு வருவதை வெளியில் சொன்ன பிறகு ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. ரூத்தின் மனைவி கிளேரும் அந்த வெறுப்பைக் கண்டித்தார். ரூத்தின் நினைவுக்கு அவரைவிட உரிமை உடையவர் யார்?

4. பகையின்றி மாறுபட்ட இருவர்

ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். ஆட்டத்தின் கணக்கெழுதும் முறையை வளர்த்தவர். பேஸ்பால் இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்றார். முன்னாள் ஆட்டக்காரரும் விளையாட்டுப் பொருள் வணிகருமான ஆல்பர்ட் ஸ்பால்டிங், அது முழுக்க அமெரிக்க ஆட்டம் என்றார். வேடிக்கை என்னவென்றால், ஸ்பால்டிங் வெளியிட்ட ஆண்டு மலருக்கு ஆசிரியரே சாட்விக்தான். இரு தரப்பும் ஒரே அட்டைக்குள் அச்சானது. 1908-இல் இறக்கும்வரை சாட்விக் அந்தப் பொறுப்பில் இருந்தார். நட்பு கெடவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது.

இருந்தும் இதிலிருந்து வந்த முடிவு தவறு. 1905-இல் ஸ்பால்டிங்கின் முயற்சியால் அமைந்த மில்ஸ் குழு, ஒரு முதியவரின் இளமை நினைவை நம்பி, 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று 1907 இறுதியில் அறிவித்தது. அந்த ஆண்டில் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். 1893-இல் இறந்தவர், பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக ஒருபோதும் உரிமை கோரவில்லை. அந்த முடிவை நம்பித்தான் 1939-இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மண்டபம் திறக்கப்பட்டது. சாட்விக்கும் ஸ்பால்டிங்கும் அங்கே இடம்பெற்றார்கள், டபுள்டே இடம்பெறவில்லை. மரியாதையான பேச்சு உண்மையைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்காது, சான்றைத் தேடும் வேலை தனியே கிடக்கிறது. ஆனால் பகை இல்லாததால், பிழையைப் பிற்காலத்தவரால் தயக்கமின்றித் திருத்த முடிந்தது.

5. ஏக்கத்துக்குரிய மதிப்பு

ஏக்கமே குற்றம் என்று இதுவரை சொன்னதிலிருந்து யாரும் கொள்ள வேண்டாம். 1957-க்குப் பிறகு டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. எபெட்ஸ் ஃபீல்ட் 1960-இல் இடிக்கப்பட்டது, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. புரூக்ளின்காரர்கள் அழுதது உண்மையான இழப்புக்காக. ராபின்சனுக்காகக் கைதட்டிய வெள்ளைத் தொழிலாளர்களும் கறுப்பினக் குடும்பங்களும் அந்தப் படிக்கட்டுகளில்தான் அருகருகே உட்கார்ந்தார்கள். அந்த நினைவைக் கேலி செய்பவர் விவாதத்தை வெல்வதில்லை, ஒரு பகையைச் சம்பாதிக்கிறார்.

6. 2024: கிப்சன்

2024 மே மாதம் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பின லீகுகளின் கணக்கைத் தன் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்த்தது. அதனால் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் வகித்த முதலிடம் ஜாஷ் கிப்சனுக்குப் போனது, சராசரி .372. கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்தவர்.

எதிர்ப்பு எழுந்தது. கறுப்பின லீகுகளின் பதிவான ஆட்டங்கள் குறைவு, காப் பல்லாயிரம் முறை பந்தடிக்க நின்றவர், இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா என்பது புள்ளியியல் கேள்வி. அதை அப்படியே எடுத்துப் பேச வேண்டும். ஆட்டங்கள் குறைவாகப் பதிவானதற்குக் காரணம் என்ன என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். கிப்சனை உள்ளே விடாதவர்கள் வகுத்த கணக்கைக் கொண்டே அவரை மறுபடி வெளியே நிறுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இதில் மாறுபடுபவரோடு நான் பேசத் தயார்.

7. விவாதத்தை நடத்துவோருக்கு

விலக்குவசையை அது எழுந்த அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். நிறுத்தும் பொறுப்பு அவையினுடையது, வசையைக் கேட்டவருடையது அல்ல. 1947-இல் ஸ்டாங்கி செய்ததை ஒவ்வொரு அவையிலும் யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். சூடான சொல்லையும் இழிவான சொல்லையும் ஒரே தட்டில் வைத்து இரு பக்கமும் தவறு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய ஆட்டத்தின் நினைவோடு வருபவரை முழுதாகப் பேச விடுங்கள். பேசி முடித்ததும், அவர் சொன்ன ஆண்டின் கணக்கேட்டை அவரோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். அந்த ஆண்டில் களத்துக்குள் யாரை விடவில்லை என்பதையும் அவரிடமே கேளுங்கள்.