ரீசார்ஜ் கூப்பனில் தொடங்கிய ஆன்லைன் சந்தை

போன மாசம் கோவில்பட்டி வீட்டில் பரணைச் சுத்தம் பண்ணும்போது அப்பாவின் பழைய டைரி ஒன்று கிடைத்தது. நடுவில் ஒரு ரீசார்ஜ் கூப்பன். வெள்ளிப் பூச்சைக் காசால் சுரண்டிய தடம் அப்படியே இருக்கிறது. அதன் கீழே நீளமாய் ஓர் எண். பின்பக்கம் அப்பா கையெழுத்தில் "போட்டாச்சு" என்று எழுதித் தேதியும் குறித்திருக்கிறார்.

அப்பா துணிக்கடைக்குப் போனால் துணியை விரலால் கசக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் மூட்டைக்கு விலை பேசுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஓர் அட்டையில் அச்சடித்த எண்ணை நம்பி எப்படிப் பணம் கொடுத்தார்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்தியாவில் ஆன்லைன் ஷாப்பிங் வளர்ந்த கதையை நிறைய பேர் 2007-இல் ஃபிளிப்கார்ட்டில் இருந்து ஆரம்பிக்கிறாங்க. என்னைக் கேட்டால், அது ரீசார்ஜ் கடையில் இருந்து ஆரம்பிக்க வேண்டிய கதை. ஏன் என்று சொல்கிறேன்.

போன் எப்படி எல்லார் கைக்கும் வந்தது

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான். அப்போது உச்ச நேரத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் கட்டணம். நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி. மற்ற தமிழ்நாட்டில் ஏர்செல், பிபிஎல். வைத்திருந்தவர்கள் எல்லாம் வசதியானவர்கள்.

மூன்று விஷயங்கள் இதை மாற்றின. 1999 தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்கள் மொத்தமாகக் கட்டவேண்டிய உரிமக் கட்டணத்தை வருமானத்தில் ஒரு பங்கு என்று மாற்றியது. 2003 மே மாதம் முதல் இன்கமிங் இலவசமானது. அதே வருஷம் ஜூலையில் ரிலையன்ஸ் 'மான்சூன் ஹங்காமா' என்று அறிவித்து, 501 ரூபாய் முன்பணத்துக்கு போன் கொடுத்தது. மீதியைத் தவணையில் கட்டணும். ஊரில் மீன்காரரும் ஆட்டோக்காரரும் போன் வைத்துக்கொண்டது இதற்குப் பிறகுதான்.

2002 இறுதியில் நாட்டில் சுமார் 1 கோடி இணைப்புகள் இருந்தன. 2011 மார்ச்சில் 81 கோடி. அந்த 2011 மார்ச்சில் இந்தியாவில் புழக்கத்தில் இருந்த கிரெடிட் கார்டுகள் 2 கோடிக்கும் குறைவு. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி தேவைப்படும்.

பெட்டிக்கடையில் நடந்த பாடம்

இந்த இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டு. அதாவது முதலில் பணம், பிறகு பேச்சு. மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கிப் பழகிய ஊரில் இது தலைகீழ்.

இது வேலை செய்ததற்கு முதல் காரணம் பொட்டலத்தின் அளவு. இந்த வித்தையில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் குடும்பத்தில் இருந்து வந்த சிக் ஷாம்பு அதை ஊரெல்லாம் கொண்டுபோனது. பாட்டில் வாங்க முடியாதவங்க பாக்கெட் வாங்கலாம். செல்போன் கம்பெனிகளும் அதையே செய்தன. 300 ரூபாய் கூப்பன் 50 ரூபாய் ஆனது, கடைசியில் 10 ரூபாய்க்கு வந்து நின்றது. ஹட்ச் அதற்கு 'சோட்டா ரீசார்ஜ்' என்றே பெயர் வைத்தது. அப்புறம் அட்டையும் போய், கடைக்காரர் தன் போனில் இருந்தே பணம் ஏற்றிவிடும் 'ஈசி' வந்தது.

ரெண்டாவது காரணம் கடைக்காரர். எங்கள் தெருமுனை அண்ணாச்சியிடம் போன வாரம் பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, அப்ப ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல வருவாங்க. காசைக் குடுத்துட்டு அங்கேயே நிப்பாங்க. மெசேஜ் டிங்னு வந்தாத்தான் நகருவாங்க. வரலைன்னா எங்கிட்டதானே கேக்க முடியும்? நம்பரை நான் தப்பா போட்டுட்டா என் கைக்காசுலா போச்சு" என்றார்.

அப்பா கூப்பனை நம்பவில்லை, அண்ணாச்சியைத்தான் நம்பினார் என்பது அப்போது புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைப் பணம் கொடுத்து வாங்கலாம், வாங்கியதற்குச் சாட்சியாக ஒரு எஸ்எம்எஸ் வரும், வராவிட்டால் கேட்க ஆள் உண்டு. கோடிக்கணக்கான பேர் பத்துப் பத்து ரூபாயாகக் கற்ற பாடம் இது. தப்பானாலும் நஷ்டம் பத்து ரூபாய்தான்.

அந்தப் பக்கம் ஆன்லைன் கடைகள்

இதே காலத்தில் ஆன்லைன் கடைகளும் இருந்தன. 1999-இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் வந்தது. அடுத்த வருஷம் பாஸி டாட் காம் வந்தது. 2004-இல் அதை ஈபே வாங்கியது. 2002-இல் ரயில்வே ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. ஆனால் வாங்கியவர்கள் என்னைப் போல ஆபீஸில் இணையமும் சட்டைப்பையில் கார்டும் வைத்திருந்தவர்கள்தான். மேலே சொன்ன 2 கோடிக்குள் அடங்கும் கூட்டம்.

81 கோடிப் பக்கம் போக ரெண்டு பாலம் தேவைப்பட்டது. முதலாவது நமக்குத் தெரிந்ததுதான். 2010-இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த கேஷ் ஆன் டெலிவரி. பொருள் கைக்கு வந்த பிறகு காசு. அண்ணாச்சி கடை வாசலில் 'டிங்' வரும்வரை நின்ற அதே மனசுக்கு ஏற்ற ஏற்பாடு.

ரெண்டாவது பாலத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அது ரீசார்ஜேதான். 2010-இல் ரீசார்ஜ் தளங்களாக ரெண்டு கம்பெனிகள் கிளம்பின. ஒன்று ஃப்ரீசார்ஜ். எவ்வளவுக்கு ரீசார்ஜ் பண்ணுகிறோமோ அவ்வளவு மதிப்புக்கு மற்ற கடைகளின் கூப்பன்களைக் கொடுத்தது. இன்னொன்று பேடிஎம்.

மென்பொருள்காரனாகப் பார்த்தால் இது ரொம்பப் புத்திசாலித்தனமான தேர்வு. ஆன்லைனில் விற்க இதைவிடச் சுலபமான சரக்கு கிடையாது. குடோன் வேண்டாம், லாரி வேண்டாம், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பும் வேலை இல்லை. டெலிவரி சில விநாடிகளில். எல்லாத்துக்கும் மேல், வாங்குகிறவருக்கு இந்தச் சரக்கு ஏற்கெனவே அத்துப்படி. புதுசாகக் கற்க வேண்டியது கார்டு எண்ணைத் தட்டுவது மட்டும்தான். அதற்கும் ஒரு பூட்டு தயாராக இருந்தது. இணையத்தில் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் சொல்லிவிட்டது. ஆரம்பத்தில் அது பாஸ்வேர்டு, பிறகு போனுக்கு வரும் ஓடிபி. மறுபடியும் ஒரு எஸ்எம்எஸ்தான் சாட்சி.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 2014-இல் பேடிஎம் வாலட் கொண்டுவந்தது, பொருள்களும் விற்க ஆரம்பித்தது. 2015-இல் ஃப்ரீசார்ஜை ஸ்னாப்டீல் வாங்கியது. ரீசார்ஜுக்கு வந்தவரைச் சட்டை வாங்க வைக்கலாம் என்பதுதான் கணக்கு.

போனே சரக்கானபோது

2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்பனைக்கு வந்தது. ஜூலையில் ஷாவ்மியின் மி 3. செப்டம்பரில் 5,999 ரூபாய்க்கு ரெட்மி 1எஸ். கடையில் கிடைக்காது, முன்பதிவு செய்துவிட்டுச் சரியான நேரத்துக்குக் காத்திருக்கணும், கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆபீஸில் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக நாங்கள் எஃப்5 தட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அக்டோபர் 6 அன்று பிக் பில்லியன் டே. கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினார்கள்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. முதலில் டிசம்பர் வரை இலவசம், பிறகு 'ஹேப்பி நியூ இயர்' என்று 2017 மார்ச் வரை நீட்டினார்கள். 1 ஜிபியை மாசம் முழுக்க எண்ணி எண்ணிச் செலவழித்தவர்களுக்குத் தினமும் 1 ஜிபி கிடைத்தது. அந்த மலிவு டேட்டாவில்தான் சின்ன ஊர்கள் மொத்தமாக ஆன்லைன் சந்தைக்குள் வந்தன.

நல்லதோடு சேர்ந்து வந்தது

ரீசார்ஜ் கடையில் கற்றது நம்பிக்கை மட்டுமில்லை. அவசரமும் அங்கே கற்றதுதான். 'ஃபுல் டாக் டைம், இன்று மட்டும்', ரேட் கட்டர், வேலிடிட்டி முடிந்தால் மீதிக் காசு போச்சு. தீபாவளி, பொங்கல் அன்று எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்பது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். இன்றைக்கு ஷாப்பிங் ஆப்பில் ஓடும் கவுன்ட்டவுன் கடிகாரத்துக்கும், காலாவதியாகும் கேஷ்பேக்குக்கும் இவைதான் மூத்த அண்ணன்கள்.

கேட்காமல் காசு பிடிப்பதும் அப்படித்தான். அப்பா போனில் ஒருமுறை ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி, காலர் ட்யூனுக்கு மாசாமாசம் 30 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. நாலு மாசம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். போன பணம் திரும்பவே இல்லை. இந்த மாதிரிச் சேவைகளுக்கு வாடிக்கையாளரிடம் ரெண்டு முறை சம்மதம் கேட்க வேண்டும் என்று டிராய் 2013-இல் உத்தரவு போட்டது. ஆன்லைன் கடைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் வர 2023 நவம்பர் ஆனது. பொய் அவசரம், சந்தா வலை என்று 13 ஏமாற்று வடிவங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்போது தடை செய்தது. பத்து வருஷ இடைவெளி. தந்திரம் ஒரு தொழிலில் இருந்து இன்னொன்றுக்குத் தாவிய வேகத்தில் சட்டம் தாவவில்லை.

28 நாள் வேலிடிட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மாசம்' என்று நினைத்துப் போடுகிறோம். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்கணும் என்று 2022 ஜனவரியில்தான் டிராய் சொன்னது.

அண்ணாச்சிக்கு என்ன கிடைத்தது?

2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாட்டில் திடீரென்று போனபோது ஜனங்கள் முதலில் ஓடியது அண்ணாச்சி கடைக்குத்தான். அவர் என்ன செய்வார் பாவம். அதே வருஷக் கடைசியில் பெரிய கம்பெனிகள், 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு என்று கொண்டுவந்தன. 10 ரூபாய்க் காலம் அத்தோடு முடிந்தது. இப்போது தெருவில் பாதிப் பேர் ஆப்பிலேயே ரீசார்ஜ் பண்ணிக்கிறாங்க.

"நூறு ரூபாய்க்கு ரெண்டு மூணு ரூபா நிக்கும். பெரிய லாபம் இல்ல தம்பி. ஆனா ரீசார்ஜுக்கு வந்தவங்க ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட்னு வாங்கிட்டுப் போவாங்க. இப்ப அந்தக் கூட்டமும் இல்ல" என்றார் அண்ணாச்சி. குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

ஆன்லைன் வணிக வரலாறு என்றால் முதலீடு, நிறுவனர், எத்தனை பில்லியன் டாலர் என்றுதான் எழுதப்படுகிறது. முன்பின் பார்க்காத பொருளுக்குப் பணம் கொடுக்க 81 கோடி இணைப்புகளுக்குப் பழக்கிவிட்டது லட்சக்கணக்கான பெட்டிக்கடைக்காரர்கள். தப்பானால் கைக்காசைப் போட்டு ஈடுகட்டியதும் அவர்கள்தான். அந்தச் செலவு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு டெலிவரி பையன் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, இந்த அட்ரஸ் எங்க?" என்று கேட்டான். பார்சலில் கதவு எண்ணுக்குக் கீழே 'அண்ணாச்சி கடை எதிர்ச் சந்து' என்று அச்சடித்திருந்தது. அவர் எழுந்து வெளியே வந்து வழி காட்டினார்.