செவ்ரோலெட் பெல் ஏர் செடான் சீரமைப்பு

செவ்ரோலெட் பெல் ஏர் செடான் சீரமைப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1955 முதல் 1957 வரை செவ்ரோலெட் பெயரில் வெளியிட்ட நான்கு கதவு பெல் ஏர் மகிழுந்தைப் பழுது நீக்கி, துரு களைந்து, வண்ணம் பூசி, மீண்டும் விற்கத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். அமெரிக்காவில் பழைய மகிழுந்துகளைச் சீரமைக்கும் தொழிலில் மிகவும் பழகிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைப்பதும், பொறியமைப்பு எளிமையாக இருப்பதும் இதற்குக் காரணங்கள். எனினும் செடானைப் பொருத்தவரை, முழுச் சீரமைப்புக்கு ஆகும் செலவு விற்பனை விலையைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. இக்கட்டுரை 1957 ஆம் ஆண்டு வடிவத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

வண்டியின் அமைப்பு

1955 இல் செவ்ரோலெட் தனது மகிழுந்துகளை முற்றிலும் புதிதாக வடிவமைத்தது. 265 கன அங்குலக் (4.3 லிட்டர்) கொள்ளளவுள்ள வி8 எஞ்சின், முன்பிருந்த 6 வோல்ட்டுக்குப் பதிலாக 12 வோல்ட் மின்னமைப்பு, பந்து மூட்டுகள் கொண்ட முன்புறத் தொங்கல் அமைப்பு ஆகியவை அவ்வாண்டில் வந்தன. 1957 இல் வி8 எஞ்சினின் கொள்ளளவு 283 கன அங்குலமாக (4.6 லிட்டர்) உயர்ந்தது. 235 கன அங்குல ஆறு உருளை எஞ்சினுடனும் வண்டி கிடைத்தது. ஒன்-ஃபிஃப்டி, டூ-டென், பெல் ஏர் என்ற மூன்று தரங்களில் பெல் ஏர் உயர்ந்தது. 1957 வண்டியின் வால்துடுப்பின் பக்கத்தில் உள்ள கோடிட்ட அலுமினியத் தகடு இதன் அடையாளம். பெட்ரோல் ஊற்றும் வாய் இடப்பக்க வால்துடுப்பின் குரோமிய அலங்காரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். முதன்முறை காண்பவர் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடற்கூடும் அடிச்சட்டமும் தனித்தனியானவை. மரையாணிகளைக் கழற்றினால் உடற்கூட்டை அடிச்சட்டத்திலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். சீரமைப்போருக்கு இது பெரிய வசதி.

செடானின் விலைச் சிக்கல்

1957 இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நான்கு கதவு பெல் ஏர் செடான்கள் செய்யப்பட்டன. அதே ஆண்டில் திறப்புக் கூரை வண்டிகள் ஏறத்தாழ 47,500 மட்டுமே. செடான் குடும்பத்தார் வாங்கிய வண்டி. இளைஞர்கள் விரும்பியவை இரு கதவு வண்டிகளும் திறப்புக் கூரை வண்டிகளும். சேகரிப்போர் சந்தையிலும் இவ்விருப்பமே நீடிக்கிறது. ஒரே நிலையில் உள்ள திறப்புக் கூரை வண்டி, செடானைப் போல் பல மடங்கு விலைக்குப் போகிறது.

ஆனால் சீரமைப்புக்கு ஆகும் உழைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால் செடானில் கதவுகள் இரண்டு கூடுதல். துருப்பிடிக்கும் விளிம்புகளும், மாற்ற வேண்டிய இரப்பர் பட்டைகளும் அதற்கேற்பக் கூடும். முழுச் சீரமைப்புக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆவது வழக்கம். மணிக்கு 100 டாலர் கூலி என்று கொண்டால் கூலி மட்டுமே ஓர் இலட்சம் டாலர். அத்தொகையில் ஒரு பகுதிக்குத்தான் செடான் விற்கும். ஆகவே செடானை விற்பனைக்காக எடுப்பவர், எல்லாவற்றையும் புதிதாக்குவதை விட, எதைச் செய்யாமல் விடலாம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியுள்ளது. தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள் மட்டுமே இலாபம் கண்டதாகச் சொல்வதுண்டு.

இவ்விலை வேறுபாட்டுக்கு வேறொரு விளைவும் உண்டு. பானட், முன் மட்கார்டுகள், முன் கிராதி, பம்பர் ஆகியவை நான்கு கதவு, இரு கதவு வண்டிகளுக்குப் பொதுவானவை. எனவே பல செடான்கள் இரு கதவு வண்டிகளுக்கு உறுப்பு தருவதற்காகவே பிரிக்கப்பட்டு அழிந்தன.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அமெரிக்கச் சந்தையில் பழைய வண்டிகளின் நிலையை 1 முதல் 6 வரை எண்ணிட்டுக் கூறும் முறை உண்டு. 1 என்பது குறையற்ற வண்டி. 6 என்பது உறுப்புகளுக்காக மட்டும் பயன்படும் வண்டி. விற்பனைக்காகச் சீரமைப்பவர் தேட வேண்டியது ஓடாமல் நின்றாலும் துரு குறைந்த வண்டியை. எஞ்சின் பழுதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். துருவின் செலவை வண்டியைப் பிரிக்கும் வரை யாராலும் சொல்ல இயலாது. அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களின் வண்டிகளுக்கு மதிப்புக் கூடுவது இதனால்தான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களின் வண்டிகள், மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் அரித்துப் போயிருக்கும்.

துரு முதலில் தோன்றும் இடங்கள்: முகப்பு விளக்கைச் சுற்றியுள்ள கூடு, முன் மட்கார்டின் பின்கீழ்ப் பகுதி, கதவுகளுக்குக் கீழுள்ள பக்கப்பட்டை, தரைத்தகடு, அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், டிக்கியின் அடித்தளம். தரைக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கலாகாது. சிறு காந்தம் ஒன்றை உடலெங்கும் ஒட்டிப் பார்ப்பது பழைய உத்தி. இரும்பில் காந்தம் ஒட்டும். தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் நழுவும்.

அடுத்தது அடையாள எண். 1957 வண்டியில் இது ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் பொருந்தும் தூணில் ஒரு சிறு தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. 'விசி57' என்று தொடங்கினால் அது வி8 எஞ்சினுடன் பிறந்த பெல் ஏர். 'சி57' எனில் ஆறு உருளை எஞ்சினுடையது. அடுத்து வரும் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். எஞ்சின் அறையின் பின்சுவரில் ஃபிஷர் பாடி நிறுவனத்தின் தகடு ஒன்றும் இருக்கும். உடல் வகை, உள்ளலங்காரம், தொடக்கத்தில் பூசப்பட்ட வண்ணம் ஆகியவற்றின் குறியீடுகளை அதில் காணலாம். இவ்விரண்டும் வண்டி உரிமைச் சான்றிதழுடன் ஒத்துவர வேண்டும். எண் தகட்டை நீக்குவதும் மாற்றுவதும் 1984 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகும்.

உடற்பகுதி வேலை

செலவில் பெரும்பகுதி இங்கேதான் கரைகிறது. அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும் முன் கதவுகள் பொருந்தும் இடைவெளிகளை அளந்து, உடற்கூட்டுக்குள் தற்காலிகக் குறுக்குக் கம்பிகள் பற்றவைப்பது இன்றியமையாதது. இதைத் தவிர்த்தால் தரைத்தகட்டை எடுத்தவுடன் கூடு சற்றே தொய்ந்து, பின்னர் கதவுகள் மூடா. நான்கு கதவு வண்டியில் நடுத்தூண் இருப்பதால் கூடு உறுதியானது என்று எண்ணிச் சிலர் இதைச் செய்வதில்லை. பக்கப்பட்டையை வெட்டியபின் அத்தூணுக்கே கீழே பிடிமானம் இராது.

தரைத்தகடு, பக்கப்பட்டை, மட்கார்டு போன்றவை புதிதாக அச்சிடப்பட்டுக் கிடைக்கின்றன. இரு கதவு, திறப்புக் கூரை வகைகளுக்கு முழு உடற்கூடே புதிதாக வாங்க முடியும். செடானின் பின்கதவு, பின்கதவு அலங்காரப் பட்டை போன்றவற்றுக்கு அத்தகைய வசதி குறைவு. இவற்றைப் பழைய வண்டிகளிலிருந்தே பெற வேண்டும். எனவே செடான் வாங்குபவர் பின்கதவுகளும் அவற்றின் அலங்காரங்களும் முழுமையாக உள்ளனவா என்பதை எஞ்சினை விடக் கவனமாகப் பார்ப்பது நல்லது.

பட்டி பார்ப்பது தவறன்று. தட்டி நிமிர்த்திய தகட்டின் சிறு மேடுபள்ளங்களை நிரப்ப மெல்லிய பட்டி வேண்டும். துருவின் மேல் பட்டி பூசி மறைப்பதுதான் ஏமாற்று. ஈரம் உள்ளிருந்தே வேலை செய்து ஓரிரு ஆண்டுகளில் வண்ணம் கொப்பளித்துவிடும். அப்போது வண்டி வேறொருவர் கையில் இருக்கும்.

எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும்

283 எஞ்சின் எளிதில் பழுதுபார்க்கக் கூடியது. உருளைகள் தேய்ந்திருந்தால் 0.030 அங்குலம் (0.76 மி.மீ.) கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களும் வளையங்களும் இடப்படுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்து வந்தது. சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996 இல் முற்றிலும் தடை செய்யப்பட்டதால், எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்துவது வழக்கமாயிற்று. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் கேஸ்கட்டுகளையும் கெடுக்கும். இவற்றை மாற்றாமல் விடுவது தீ விபத்துக்கு வழியாகும். இக்கால மசகெண்ணெயில் துத்தநாகச் சேர்மம் குறைக்கப்பட்டுள்ளதால், பழைய வகை கேம் தண்டு தேயாதிருக்கத் துத்தநாகம் மிகுந்த எண்ணெயைத் தேர்வு செய்கின்றனர்.

மூன்று வேகக் கைக்கியரும், பவர்கிளைடு எனும் இரு வேகத் தானியங்கிப் பெட்டியும் தொல்லை குறைந்தவை. 1957 இல் அறிமுகமான டர்போகிளைடு சிக்கலானது; அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

பிரேக்கு

விற்கும் வண்டியில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது. 1957 பெல் ஏரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகளே உள்ளன. அவை நான்கும் ஒரே முதன்மை உருளையால் இயங்குகின்றன. ஏதேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் ஒருசேரப் பிரேக் போய்விடும். 1968 முதல் அமெரிக்க மகிழுந்துகளில் இரட்டைச் சுற்று கட்டாயமாகிவிட்டதால், வாங்குபவர் பலருக்கு இப்படி ஓர் அமைப்பு இருந்ததே தெரியாது. ஆகையால் இரட்டை முதன்மை உருளை பொருத்துவோர் பலர். அசல் தோற்றத்தை விரும்புவோர் ஒற்றை உருளையையே வைத்துக்கொண்டு, குழாய்களையும் சக்கர உருளைகளையும் முற்றிலும் புதிதாக்குகின்றனர். எதைச் செய்திருந்தாலும் அதை வாங்குபவரிடம் எழுத்தில் தெரிவிப்பது நேர்மையான விற்பனையாளரின் கடமை.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவு செய்தல் நுரையீரலுக்குத் தீங்கானது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மின்கம்பிகளின் காப்புறை காய்ந்து வெடித்திருந்தால் துண்டு துண்டாக ஒட்டாமல் முழுக் கம்பிக்கட்டையும் மாற்றுவது முறை. கண்ணாடித் துடைப்பான் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலால் இயங்குவது. மேடேறும்போது அது மெதுவாவது பழுதன்று.

வண்ணம்

அக்காலத்து வண்டிகளுக்கு லாக்கர் வண்ணம் பூசப்பட்டது. இன்று பெரும்பாலோர் அடிவண்ணமும் அதன்மேல் நிறமற்ற பாலியூரித்தேன் பூச்சும் இடுகின்றனர். இப்பூச்சிலுள்ள ஐசோசயனேட்டு ஈளை நோயை உண்டாக்கக் கூடியதாதலால், வெளிக்காற்று வரும் முகமூடி அணிந்தே தெளிக்க வேண்டும். பழைய வண்ணத்தைத் தேய்த்தெடுக்கும்போது எழும் தூசியில் ஈயம் இருக்கலாம். ஃபிஷர் தகட்டிலுள்ள வண்ணத்தையே மீண்டும் பூசினால் விலை கூடுவதுண்டு. அக்கால வண்ணங்களுள் ஒன்றின் பெயர் 'இந்தியா ஐவரி'. கூரைக்கு இந்த வெளிர்நிறமும் கீழுடலுக்கு வேறு நிறமுமாகப் பல வண்டிகள் வந்தன.

ஒருபோதும் மறுவண்ணம் காணாத வண்டி கிடைத்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல் என்னும் கருத்து வலுத்து வருகிறது. 1935 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தொன்மைத் தானுந்துச் சங்கம், அசல் கூறுகள் காக்கப்பட்ட வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவே வைத்துள்ளது.

விற்பனை

வண்டியின் அசல் எஞ்சினே இது என்று விளம்பரம் செய்வது பொதுவான வழக்கம். 1957 செவ்ரோலெட் மகிழுந்துகளின் எஞ்சினில் வண்டியின் அடையாள எண் பொறிக்கப்படவில்லை. எஞ்சின் குறியீடும் தேதியுமே உள்ளன. அவற்றைக் கொண்டு, எஞ்சின் அக்காலத்துக்கும் அவ்வகைக்கும் பொருந்துவது என்று மட்டுமே கூற இயலும். அதற்கு மேல் கூறுவதை வாங்குபவர் ஆவணமின்றி ஏற்கலாகாது.

பன்னிரண்டு மாதங்களில் ஐந்துக்கு மேற்பட்ட பழைய வண்டிகளை விற்கும் வணிகர், உத்தரவாதம் உண்டா அல்லது உள்ளபடியே விற்கப்படுகிறதா என்பதைக் கூறும் அறிவிப்பை வண்டியில் ஒட்ட வேண்டும் என்பது கூட்டரசு வணிக ஆணையத்தின் விதி. வணிக உரிமம் பெற வேண்டிய எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இவ்வளவு பழைய வண்டிகளுக்கு ஓடிய தொலைவைச் சான்றளிக்கும் கட்டாயம் இல்லை. ஐந்து இலக்கம் மட்டுமே காட்டும் தொலைவுமானி ஓர் இலட்சம் மைலுக்குப்பின் சுழியத்துக்குத் திரும்பிவிடுவதால், அதன் எண்ணுக்குப் பொருளும் குறைவு.

விலையைத் தாங்கிப் பிடிப்பது ஒளிப்படத் தொகுப்பே. பிரித்த நிலையில் தரைத்தகடு, வெட்டிய இடங்கள், வெல்டிங் தையல்கள், வண்ணத்துக்கு முந்தைய வெற்று இரும்பு ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து, உறுப்புகள் வாங்கிய பற்றுச்சீட்டுகளுடன் சேர்த்துக் கொடுக்கும் வண்டிக்கு வாங்குபவர் கூடுதல் தரத் தயங்குவதில்லை. கம்பளத்தின் அடியில் இருப்பதைப் பின்னர் பார்க்க வேறு வழியில்லை.