இருப்புப்பாதை

இருப்புப்பாதை என்பது வண்டிகள் ஓடுவதற்கென இணையாகப் பதித்த இரும்பு அல்லது எஃகுத் தண்டவாளங்களால் அமைந்த வழி. அவ்வழியை நடத்தும் போக்குவரத்து அமைப்புக்கும் இப்பெயர் ஆகிவந்துள்ளது. பேச்சில் ரயில்வே, லைன், டிராக் என்றே புழங்கினாலும் அரசு எழுத்தில் இச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. தாம்பரம் நிலையத்தில் கைப்பையைப் பறிகொடுத்தவர் புகார் எழுதித் தருவது இருப்புப்பாதை காவல் நிலையத்தில். இது மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த பிரிவு. மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை வேறு.

சொல்லமைப்பு

இரும்பாலாகிய பாதை என விரியும் தொகைச்சொல் இது. மென்தொடர்க் குற்றியலுகரச் சொற்கள் சில வேற்றுமைப் புணர்ச்சியில் வன்தொடராக மாறும் என்பது நன்னூல் விதி. அதன்படி இரும்பு என்பதன் மெல்லின மகரம் பகரமாகி ‘இருப்பு’ என நிற்கிறது. மருந்து, பை இரண்டும் சேர்ந்து மருத்துப்பை ஆவதும், இரும்பும் ஆணியும் இருப்பாணி ஆவதும் இவ்வகையே. வீடுகளில் வடை சுடும் இலுப்பச்சட்டியும் இருப்புச்சட்டிதான். வாய்வழக்கில் ரகரம் லகரமானதால் இலுப்பை மரத்தோடு உறவு கொண்டாடுகிறது. இருப்பு என்றால் கையிருப்பு, சரக்கிருப்பு என்ற பொருளும் உண்டாகையால், இலக்கணம் மறந்த தலைமுறை ‘இரும்புப்பாதை’ என்றும் எழுதுகிறது. பழைய வடிவமே செப்பமானது.

தண்டவாளம் என்பது பாதையின் உறுப்பு, பாதையன்று. ‘உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவேன்’ என்ற மிரட்டலில் வரும் வண்டவாளத்துக்கு ரயிலோடு தொடர்பில்லை. கன்னடத்தில் முதலீட்டைக் குறிக்கும் பண்டவாளம் என்ற சொல்லின் உறவு அது. ஒருவரின் உள்ளிருப்பை ஊரறியச் செய்வதற்குப் பலரும் கூடும் ரயிலடியைவிடப் பொருத்தமான இடம் எது?

பிற மொழிகளில்

ஆங்கிலம் தந்த ரயில்வே என்ற பெயரில் இரும்பு இல்லை. தண்டவாளமும் வழியும் மட்டுமே உண்டு. உலகின் பெரும்பாலான பெருமொழிகள் தமிழைப்போல இரும்பைப் பெயரில் வைத்துக்கொண்டன. பிரெஞ்சில் ‘ஷெமேன் த ஃபேர்’. ஷெமேன் வழி, ஃபேர் இரும்பு. பிரான்சு 1938இல் ரயில் நிறுவனங்களை ஒன்றாக்கி அமைத்த தேசிய அமைப்பின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. ஒரு சீட்டாட்டத்துக்கும் அதே பெயர். இத்தாலியரின் ஃபெரோவியா, ஸ்பானியரின் ஃபெரோகாரில், ஜெர்மானியரின் ஐசன்பான், துருக்கியரின் தெமிர்யோலு, சீனரின் தியேலூ, ஜப்பானியரின் தெத்சுடோ எல்லாமே இருப்புப்பாதைகள்தாம். இந்தியில் வேடிக்கையாகச் சொல்லும் லோகபதகாமினிகூட இருப்புப்பாதையில் செல்பவள்தான். ஜெர்மனியில் இரும்பு தேய்ந்து, இன்று ‘பான்’ மட்டும் பலகைகளில் மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு கூட்டம் வழியை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தது. அதிலும் நெருப்பையும் புகையையும் பார்த்தது. மலையாளத்தின் தீவண்டி, மலாயின் கெரெத்தா அப்பி, சிங்களத்தின் தும்ரிய, ஈழத்தமிழின் புகையிரதம், தமிழ்நாட்டுப் பாடநூல்களின் புகைவண்டி இவ்வகை. கரி எரிந்த காலத்தில் இவை கண்ணுக்குப் பொருந்திய பெயர்கள். ஆனால் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோதே, அந்த வண்டிகளைப் பொறுத்தவரை புகைவண்டி என்ற பெயர் பொய்யாகிவிட்டது. இருப்புப்பாதை என்ற பெயருக்கு அந்தக் கேடு வரவில்லை. நீராவி போய் மின்சாரம் வந்தாலும், மீட்டர் பாதை போய் அகலப்பாதை வந்தாலும், கீழே கிடப்பது இரும்போ அதிலிருந்து ஆன எஃகோதான். பின்னாளில் ஆக்கப்பட்ட தொடர்வண்டி என்ற சொல்லும் வண்டிக்குப் பெயராகுமேயன்றி வழிக்கு ஆகாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்புப்பாதையைக் கைவிடுவது மொழிக்கு இழப்பே.

பிரெஞ்சில் ஃபேர் புகும் வேறு சில இடங்களில் தமிழ் இரும்பின் பெயரையே சொல்வதில்லை. குதிரைக்கு அடிக்கும் இரும்பு இங்கே லாடம், வெள்ளை இரும்பு தகரம், இரும்பு நூல் கம்பி. துணி தேய்க்கும் இரும்பு இஸ்திரிப்பெட்டி; குரோம்பேட்டைத் தெருமுனைத் தள்ளுவண்டியில் அது ‘அயர்ன்’. சிறைக்குப் போனவர் கம்பி எண்ணுகிறார், தப்பியவர் கம்பி நீட்டுகிறார். இரண்டிலும் இரும்பின் பெயர் வெளியே வருவதில்லை. இரும்பைச் சொல்லியே தீரும் வழக்குகளில் உறுதியும் கடுமையும்தான் நிற்கின்றன: இரும்புக்கரம், இரும்புப் பெண்மணி. இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்ற பழமொழி கொல்லனின் ஓயாத உழைப்பைச் சொல்கிறது.

இருப்புப்பாதை, ஷெமேன் த ஃபேர் என்ற இரண்டு பெயர்களும் தமிழ் மண்ணில் ஒரே பாதைத்தொகுதியில் சந்தித்தன. விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குக் கிளைப் பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் வழி போடப்பட்டது. இரண்டையும் ஓட்டியது தென்னிந்திய ரயில்வே நிறுவனம். எழும்பூரில் ஏறித் தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம் வழியே போனவர் எல்லையைத் தாண்டி இறங்கும்போது, பிரெஞ்சு நிர்வாகத்தின் கணக்கில் ஷெமேன் த ஃபேரில் வந்திறங்கியவர்.

தொடக்க வரலாறு

இந்தியாவின் முதல் இருப்புப்பாதை சென்னையை ஒட்டியது. சாலை போடக் கல் கொண்டுவருவதற்காகச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை 1837இல் அது ஓடியது. ஆர்தர் காட்டன் அதில் முன்னின்றார். பயணிகளுக்கான தென்னகத்தின் முதல் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறந்தது. நாகப்பட்டினம்–தஞ்சாவூர்ப் பாதை 1861இல் வந்தது. அதைப் போட்ட நிறுவனமும் கர்நாடிக் ரயில்வேயும் 1874இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. சென்னையிலிருந்து தெற்கே, செங்கல்பட்டு நோக்கி, மீட்டர் பாதையை 1870களில் போட்டது இந்த நிறுவனமே.

பாதைக்கான இரும்பு உள்ளூரில் கிடைத்திருக்கலாம். சேலத்துத் தாதுவை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். உலைகள் மரக்கரியில் எரிந்தன. காடு அழிய அழியக் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது, பணமும் போதவில்லை. நாட்டில் தண்டவாளத்துக்குத் தேவை எழுந்தபோது அவை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கின. உருக்கெஃகுக்குப் பேர்போன நாடு தன் பாதைக்குச் சீமை இரும்பை வாங்கியது வருந்தத்தக்கது. அந்த இங்கிலாந்திலேயே 1857இல் டார்பி நிலையத்தில் முதல் எஃகுத் தண்டவாளம் பதிக்கப்பட்டது. விரைவில் தேயும் இரும்பை அது படிப்படியாக வெளியேற்றியது. பெயரில் மட்டும் இரும்பு தங்கிவிட்டது, தமிழிலும் பிரெஞ்சிலும்.

தாம்பரம் வழி

கடற்கரை–தாம்பரம் மின்பாதையின் நீளம் 29 கிலோமீட்டர். 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மீட்டர் பாதையில் ஓடிய வண்டிகள், பின்னர் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின. மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற ஊர்கள் நகரத்தோடு நாள்தோறும் பிணைந்தது இதனால்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு 1937இல் தாம்பரத்துக்கு வரத் துணிந்ததற்கும் இப்பாதை துணைநின்றது. ஊரே பாதையால் இரண்டாகப் பிரிந்தது. சேலையூரும் கல்லூரியும் கிழக்குத் தாம்பரம், ஜிஎஸ்டி சாலையும் கடைவீதியும் மேற்குத் தாம்பரம். வழி கேட்டால் ‘டிராக்குக்கு அந்தப் பக்கம்’ என்றே பதில் வரும்.

மீட்டர் பாதையில் தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676. இப்போதைய தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடை கொண்டது. கருங்கல் ஜல்லிமேல் கான்கிரீட் கட்டைகள் கிடக்க, வளைந்த எஃகுக் கவ்விகள் தண்டவாளத்தை அவற்றோடு இறுக்கிப் பிடிக்கின்றன. முன்பு வெயிலில் இரும்பு நீள்வதற்கு இடம் தந்து துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டார்கள். சக்கரம் அதைத் தாண்டும்போதெல்லாம் தடதடத்தது. இப்போது துண்டுகளைப் பற்றவைத்து நெடுநீளமாக்கிவிட்டதால், கோடையில் நீளத் துடிக்கும் எஃகைக் கவ்வியும் ஜல்லியும் சேர்ந்து அடக்க வேண்டும். சித்திரை வெயிலில் கேங்மேன்கள் பாதை வளைந்திருக்கிறதா என்று பார்த்து நடக்கிறார்கள்.

இந்த வழியில் மீட்டர் பாதை வண்டிகள் 2004இல் நின்றன. தாம்பரம் இன்று சென்னையின் மூன்றாவது முனையம். செங்கல்பட்டு வரை மூன்றாம் பாதையும் போடப்பட்டுள்ளது.