அப்பாவோட பழைய வண்டிக்கு புது இன்ஜின் ஆயில் ஊத்தலாமா?

வீட்டு வாசலில் அப்பாவோட பழைய புல்லட்டோ, தாத்தா காலத்து அம்பாசிடரோ நிற்கிறதா? அப்படியென்றால் இதைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள்: ‘‘சார், பழைய இன்ஜினுக்கு சிந்தெட்டிக் ஊத்தாதீங்க, லீக் ஆகிடும்!’’ கடைக்காரரோ, ‘‘இதுதான் சார் லேட்டஸ்ட், எல்லா வண்டிக்கும் போடலாம்’’ என்பார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் ஊற்றினால், இன்ஜினைப் பிரிக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

லீக் ஆகுமா?

சிந்தெட்டிக் ஆயில் நல்ல சீலைக் கெடுக்காது. ஆனால், பல வருடங்களில் சீல் இறுகி, விரிசல் விட்டிருக்கும். அந்த இடுக்கைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் அந்தக் கசடைக் கழுவிவிடும். லீக் வெளியே தெரியும். தப்பு ஆயில் மேல் இல்லை, சீல் மேல். அதை மாற்றிவிட்டால் பிரச்னை முடிந்தது.

உண்மையான ஆபத்து எது?

இன்ஜின் ஆயிலில் இசட்.டி.டி.பி என்று ஒரு சேர்மானம் உண்டு. துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்டது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். ஆனால், இதிலுள்ள பாஸ்பரஸ், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஏ.பி.ஐ தரத்தில் அதன் உச்ச அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2004-ல் வந்த ‘எஸ்.எம்’ தரத்தில் அது 0.08 சதவிகிதம்.

இன்றைய பல கார் இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் மேல் ரோலர் உருளும். பழைய புல்லட், அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் தட்டையான டேப்பட், கேம் மேல் நேரடியாக உரசும். அங்கே பாதுகாப்பு குறைந்தால் கேம் தேயும், பிக்கப் குறையும். தேய்ந்த கேமை எந்த ஆயிலாலும் சரிசெய்ய முடியாது.

ஒரு ஆறுதல்: இந்த உச்ச வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆயில்களுக்கு இல்லை. பழைய வண்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதும் இவைதான்!

டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்?

* முதலில் கிரேடு. வண்டியின் மேனுவலில் இருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள். ‘மைலேஜ் கூடும்’ என்று மெல்லிய ஆயிலுக்கு மாறாதீர்கள். பழைய இன்ஜினில் பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். ஆயில் பிரஷர் குறைந்துவிடும்.

* பைக் என்றால் ‘ஜாசோ எம்.ஏ’ முத்திரை இருக்கட்டும். இதில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவிகிதம் வரை இருக்கும். கிளட்ச்சும் இன்ஜினும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டிகளில் கிளட்ச் வழுக்காமலும் இருக்கும்.

* ‘எஸ்.ஏ’ என்று போட்ட மலிவு ஆயிலைத் தொடவே வேண்டாம். 1930-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கே அது பொருந்தாது.

* துத்தநாகச் சேர்மானத்தைத் தனியாக வாங்கி இஷ்டத்துக்கு ஊற்றாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் இதுவும் கெடுதல்தான்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறீர்களா? அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்கு 2டி ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண இன்ஜின் ஆயில் ஊற்றினால் கார்பன் படியும். கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில்.

ரொம்ப நாள் ஓடாத வண்டியா? புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மாற்றிவிடுங்கள். கழன்று வந்த கசடு அதோடு வெளியே போய்விடும். ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலாக இருந்தாலும், அளவு குறைந்தால் இன்ஜினைக் காப்பாற்றாது!