கறி என்னும் பழம்பெயர்

திருவண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டர் பாதையின் மேற்குப் பகுதியில் அடி அண்ணாமலைத் திருக்கோயில் அமைந்துள்ளது. அங்கிருந்து மேலும் மேற்கே சென்றால் செங்கம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் தலைவன் நன்னனது ஊர். அவன் முற்றத்தில் குவிந்திருந்த மலைபடு பொருள்களை அடுக்கிக் கூறும் பெருங்கௌசிகனார், மிளகின் பசிய கொத்தினையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளார். இவ்வட்டாரம் பற்றிய இலக்கியத்தில் மிளகு அத்துணைப் பழமையானது.

சங்கப் புலவர்கள் மிளகைக் கறி என்றும் மிரியல் என்றும் வழங்கினர். கழுதைகளின் முதுகில் ஏறி அது சுங்க வழிகளைக் கடந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. புகார்த் துறையில் மூட்டையாய்க் கிடந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முசிறியில் யவனர் பொன்னை இறக்கி மிளகை ஏற்றினர் என்கிறது அகநானூறு. இது புலவர் கற்பனையன்று. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள பெரெனிகேயில், கோயில் முற்றம் ஒன்றில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் 7.5 கிலோ மிளகு கிடைத்துள்ளது. அது கி.பி. முதல் நூற்றாண்டினது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் திருவமுதுக்குரிய பொருள்களுள் மிளகையும் குறிக்கின்றன. அக்காலத் தமிழர் மிளகாயை அறியார். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அச்செடி, போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இங்கு வந்தது. மிளகைப் போல் காரமுடைய காய் என்பதால் மிளகாய் எனப் பெயர் பெற்றது. இரவல் பெயரோடு வந்த விருந்தாளி, நாளடைவில் இல்லத்து அடுக்களையைத் தனதாக்கிக் கொண்டது. ஆயினும் கோயில் மடைப்பள்ளிகள் பெரும்பாலும் பழைய காரத்தைக் கைவிடவில்லை. வெண்பொங்கலிலும் மிளகு வடையிலும் மிளகாய்க்கு முந்திய தமிழகத்தின் சுவை இன்றும் எஞ்சியுள்ளது.

மருத்துவமும் மிளகைக் காத்தது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகம். உடல்நோய் தீர்க்கும் அம்மருந்தின் பெயரையே, உள்ளத்தின் நோய் தீர்க்கும் தம் நூலுக்கு நல்லாதனார் இட்டார். சளி, இருமல், செரியாமைக்கு மிளகு ரசம் வீட்டு மருந்தாகவே நிலைத்தது. 1819இல் எர்ஸ்டெட் என்னும் டென்மார்க் அறிஞர் மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினைப் பிரித்தெடுத்தார். மஞ்சளிலுள்ள குர்குமினை உடல் ஏற்கும் அளவை அது பன்மடங்கு கூட்டுகிறது என 1998இல் பெங்களூர் ஆய்வாளர் கண்டனர். மஞ்சளும் மிளகும் சேர்ந்த பாலைப் பாட்டிமார் அதற்கு வெகுகாலம் முன்பே காய்ச்சினர்.

கறி என்றால் இன்று காய்கறி, அல்லது இறைச்சி. மிளகு என்று எவரும் பொருள் கொள்வதில்லை. பொருள் அடுக்களையில் இருக்கிறது. அதன் பழம்பெயரோ பாட்டில் மட்டுமே வாழ்கிறது. அப்பெயரைப் பொருளறிந்து போற்றுவது தமிழ் பயில்வோர் கடனாகும்.