திருத்த வகுப்பும் அரசாங்க மானியமும்

"மனைவியை அடித்தவனுக்குச் சிறைதானே தகும்? அவனை உட்கார வைத்துப் பாடம் நடத்துவதற்கு ஊரார் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வினவினார். வாழ்நாளில் பெரும்பகுதியை வகுப்பறையிலே கழித்தவனாகையால், பாடம் என்ற சொல்லுக்கு நான் உடனே பரிந்து பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் அவ்வாறு பேசவில்லை. அடிபட்ட மகளிருக்குப் புகலிடம் நடத்திய மாதரையும் இதே கேள்வி நெடுங்காலம் வருத்தியது என்று மட்டும் சொன்னேன். அவ்வரலாற்றை நேயர்களுக்குச் சற்று விரிவாகக் கூற விழைகின்றேன்.

1971-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சிஸிக் பகுதியில், கணவனது கொடுமைக்குத் தப்பி வரும் பெண்களுக்கென ஓர் இல்லம் தோன்றிற்று. அதனை நிறுவியவர் எரின் பிட்ஸி என்னும் அம்மையார். சில ஆண்டுகளுக்குள் பிரிட்டன் எங்கும் அத்தகைய இல்லங்கள் பல எழுந்தன. கொடுமை புரியும் கணவனை வீட்டைவிட்டு விலக்கி வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கும் சட்டமும் 1976-இல் பிறந்தது. பெண்ணைக் காப்பதொன்றே அக்காலத்தார் எண்ணமெல்லாம். அவனை என்ன செய்வது என்று கேட்பார் அரியர். ஆயினும், ஒருத்தி தப்பி வந்துவிட்டால் அவன் திருந்திவிடுவதில்லை, இன்னொருத்தியைத் தேடிக்கொள்கின்றான். அல்லது அந்த ஒருத்தியே, குழந்தைகளின் பொருட்டு, அவனிடமே திரும்பிச் செல்கின்றாள்.

ஆகவேதான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் புகலிடப் பணி செய்த மாதர், தமக்கு அறிமுகமான ஆடவர் சிலரை அணுகி, "அடிக்கும் ஆண்களோடு நீங்கள் பேசுங்கள்" என்று வேண்டினர். அதன் பயனாய் 1977-இல் 'எமர்ஜ்' என்னும் அமைப்பு உருவாயிற்று. அந்நாட்டில் இவ்வகையில் முதலாவது அதுவே. அடுத்து, மின்னசோட்டா மாநிலத்து ஏரித் துறைமுகமாகிய டுலூத் நகரம் 1980-களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தது. எலன் பென்ஸ் என்னும் அம்மையார் அதன் தலையாய சிற்பிகளுள் ஒருவர். போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம், புகலிடம் ஆகிய யாவும் ஒரே கட்டுப்பாட்டுடன் இயங்க வேண்டும் என்பதே அம்முறையின் உயிர். அடித்தவனைப் போலீசார் கைது செய்வர். நீதிமன்றம் அவனை வகுப்புக்கு அனுப்பும். வாராதவன் மீண்டும் நீதிபதியின் முன் நிற்பான். வகுப்பு அதன் ஓர் உறுப்பு மட்டுமே. வேறு ஊர்களிலோ, எளிதாகவும் மலிவாகவும் இருந்த அவ்வகுப்பை மட்டும் பெயர்த்தெடுத்துச் சென்றவர் பலர். பின்னாளில் எழுந்த பூசல்களிற் பாதி இதனால் விளைந்தவை என்பது என் கருத்து.

அமெரிக்காவிற் பல இடங்களில் இதற்குரிய கட்டணத்தை அடித்தவனே செலுத்த வேண்டும். கலிபோர்னியாவில் 52 வார வகுப்பு. அவனவன் வசதிக்கேற்பக் கட்டணம். என் நண்பருக்கு இவ்வேற்பாடு மிகவும் பிடிக்கும்! ஆனால் அப்பணம் அவன் குடும்பத்துப் பணமும் அன்றோ? கட்ட இயலாமல் அவன் நின்றுவிட்டால், அதன் விளைவை ஏற்பவள் யார்?

பிரிட்டனில் இப்பணி ஸ்காட்லாந்திலே தொடங்கியது. ஸ்டர்லிங் நகரிலும் எடின்பரோவிலும் 1990-ஐ ஒட்டி இரு திட்டங்கள் ஏற்பட்டன. நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பின் ஒரு நிபந்தனையாக ஆடவரை அவற்றுக்கு அனுப்பியது. டோபாஷ் தம்பதியரும் அவர்தம் துணைவரும் அவற்றை ஆராய்ந்து 1996-இல் முடிவு கூறினர். ஓராண்டு கழித்து அவ்வாடவரின் மனைவியரை வினவியபோது, வகுப்புக்குச் சென்றவர்களில் மூவருள் ஒருவர் மீண்டும் கை ஓங்கியிருந்தனர். அபராதம் முதலிய வேறு தண்டனை பெற்றவர்களிலோ நால்வருள் மூவர். அது சிறிய ஆய்வு; எவர் வகுப்புக்குச் செல்வது என்பதும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டதன்று. அவ்வாறு குலுக்கல் முறையில் நானூறு பேரைப் பிரித்துப் புளோரிடா மாநிலத்துப் பிராவர்டு வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியாயிற்று. வகுப்புக்குச் சென்றவர்க்கும் செல்லாதவர்க்கும் வேற்றுமை இல்லை என்பதே அதன் முடிவு. பொதுப்பணத்தைக் கேட்போர் இதனை மறைத்துப் பேசலாகாது.

இங்கே ஓர் ஆசிரியனின் அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். மானியம் வழங்க வரும் இன்ஸ்பெக்டர் முதலிற் கேட்பது வருகைப் பதிவேடு. பையன் பெஞ்சியில் இருந்தான் என்பதற்கு அது சான்று; கற்றான் என்பதற்குச் சான்றாகாது. திருத்த வகுப்புகளுக்கும் இதே கதி நேர்ந்தது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் மறுபடி கைதாயினர் என்று எண்ணினர். ஆனால் அவள் போலீசை அழைக்கவே அஞ்சினால் கைது ஏது?

லிஸ் கெல்லி, நிக்கோல் வெஸ்ட்மார்லண்ட் என்னும் பேராசிரியர் இருவர் 2009 முதல் 2015 வரை பிரிட்டனில் நடத்திய மிராபல் ஆய்வு இக்குறையை உணர்ந்து, "வெற்றி என்று நீங்கள் எதனைக் கொள்வீர்கள்?" என்று பெண்களையே கேட்டது. அடி நிற்பது மட்டும் போதாது, அச்சமின்றி நடமாடவும் மரியாதையாகப் பேசப்படவும் வேண்டும் என்றனர் அவர்கள். வகுப்புக்கு முன் 61 விழுக்காட்டுப் பெண்கள் உடற்காயம் உற்றதாகக் கூறினர். ஓராண்டுக்குப் பின் அவ்வாறு கூறியவர் 2 விழுக்காட்டினர். ஆனால், அதட்டி அடக்கியாளும் குணம் அந்த அளவுக்குக் குறையவில்லை. வகுப்புக்குச் செல்லாதவர்களோடு ஒப்பிட்டபோதும் தெளிவான வேற்றுமை புலப்படவில்லை. வகுப்பு சிலருக்கு உதவுகின்றது, எல்லார்க்கும் மருந்தன்று என்பதே இவற்றிலிருந்து நான் கொள்வது.

இனிப் பணத்துக்கு வருவோம். 2010-க்குப் பின் பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்களின் செலவு பெரிதும் குறைக்கப்பட்டபோது புகலிடங்கள் பல தவித்தன. அந்நிலையில் ஆடவர்க்கு வகுப்பு என்றால், "எங்கள் உலையிலிருந்தா அரிசியை எடுப்பீர்கள்?" என்று அம்மாதர் எண்ணியதில் வியப்பென்ன? ஐரோப்பிய நாடுகள் 2011-இல் இயற்றிய இஸ்தான்புல் உடன்படிக்கை இத்திட்டங்களை வேண்டியதோடு, பாதிக்கப்பட்டவளின் பாதுகாப்பே முதன்மை, அவளுக்கு உதவும் அமைப்புகளோடு இணைந்தே இவை நடைபெற வேண்டும் என்றும் விதித்தது. அக்கட்டுப்பாடு இல்லையேல் என் வாக்கு என் நண்பர் பக்கமே. கணவன் வகுப்புக்கு வருகின்றானா, நின்றுவிட்டானா என்று மனைவிக்குச் சொல்லவும் அவள் நிலையைக் கேட்டறியவும் ஒரு பெண் ஊழியர் வேண்டும். அவருடைய சம்பளமும் அதே மானியத்தில் அடங்க வேண்டும். புகலிடத்தின் பங்கிலோ கை வைக்கலாகாது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2021-இல் இயற்றப்பட்ட இல்லறக் கொடுமைச் சட்டம், கொடுமை புரிவோரைக் குறித்து அரசாங்கம் ஒரு செயல்திட்டம் வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் இப்பணிக்கு 1 கோடியே 50 இலட்சம் பவுன் ஒதுக்கினர். தொகை சிறிதன்று, ஆனால் அது 2021-22 ஆகிய ஓராண்டுக்கு உரிய கணக்கு. ஓராண்டு மானியத்தில் ஆசிரியர் நியமித்த துன்பத்தை நான் அறிவேன். விளம்பரம் செய்து, ஆள் தேர்ந்து, பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் பருவம் பாதி கழிந்துவிடும். வகுப்போ அரையாண்டும் அதற்கு மேலும் நீள்வது. அதன் பின்னரும் நிதிகள் அறிவிக்கப்பட்டன. 2023-இல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிகளிலும் குழந்தைகள் உட்படப் பாதிக்கப்பட்டோரின் பாதுகாப்பும் சுதந்திரமுமே முதற்பயன் என்று எழுதப்பட்டது. எனினும், கணக்காண்டு முடியும் மார்ச்சு மாதத்தில், வகுப்பு நடுவே இருக்கும் கணவனைப் பற்றி அவ்வூழியர் அவளுக்கு என்ன சொல்வார்? அடுத்த வாரம் வகுப்பு உண்டா என்பதே அவருக்குத் தெரியாதே.